அரிதாரப் பெட்டியில் ஒரு மஞ்சள் கட்டி

பெரியப்பாவின் காரியம் முடிந்த மறுவாரம், பெரியம்மா அவருடைய வேஷப் பெட்டியைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தார். "நீயே வெச்சிக்கப்பா. அங்க இருந்தா பசங்க எடுத்து மூஞ்சில பூசிக்குதுங்க" என்றார். பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய தகரப் பெட்டி. பூட்டு கிடையாது, சணல் கயிறுதான். உள்ளே ஓரம் உடைந்த கண்ணாடி, முத்துவெள்ளைப் பொட்டலம், செந்தூர டப்பா, பாதி தீர்ந்த தேங்காய் எண்ணெய் சீசா, ஒரு சவுரி, ஒரு உரசுகல். எல்லாவற்றுக்கும் அடியில், நாட்காட்டித் தாளில் சுற்றி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மஞ்சள் கட்டி.

அந்தக் கட்டியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் ஊர் பாலக்கோட்டுப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாளும் ஊர் சரியாகத் தூங்காது. பெரியப்பா பெண் வேஷக்காரர். துகில் உரிதல் அன்று திரௌபதி அவர்தான். பொழுது சாய்ந்ததும் கோயிலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து, "தம்பி, அரிதாரம் உரசு" என்பார். நான் கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு அந்தக் கட்டியை உரசுவேன். மஞ்சள் விழுது வரும். முத்துவெள்ளையும் ஒரு சிட்டிகை செந்தூரமும் சேர்த்துக் குழைத்தால் திரௌபதியின் நிறம். ஒரு மணி நேரத்தில் பெரியப்பா காணாமல் போய்விடுவார். பல் மட்டும் மறையாது. வாய் திறந்து பாடினால் எங்கள் பக்கத்துக் காவிப் பல் தெரியும். பாஞ்சால ராஜனின் மகள் பாலக்கோட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் என்பது முன்வரிசைக்காரர்கள் எல்லாருக்கும் விளங்கிவிடும். அவர்களுக்கும் அதே பல் என்பதால் யாரும் கண்டுகொண்டதில்லை.

அரிதாரம் என்றால் வேஷக்காரர் பூசும் ஏதோ மாவு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். வேதியியல் ஆசிரியராகிப் பல வருடம் பாடம் எடுத்த பிறகு, வேறு ஒரு சொல்லைத் தேடிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. அரிதாரம் என்றால் தாளகம். ஆர்சனிக் என்ற விஷத் தனிமமும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். பத்து வயதில் உரசிய கையை நாற்பது வயதில் சோப்புப் போட்டுக் கழுவத் தோன்றியது.

ஆகவே பெட்டி வீட்டுக்கு வந்ததும் எனக்கு இருந்தது ஒரே கேள்விதான். இந்தக் கட்டி பேருக்கு அரிதாரமா, நிஜ அரிதாரமா?

நிஜ அரிதாரத்தில் இரண்டு ஆர்சனிக் அணுவுக்கு மூன்று கந்தக அணு. எலுமிச்சை மஞ்சளிலிருந்து பொன் மஞ்சள் வரை நிறம். அபிரகம் என்கிற மைக்கா மாதிரி ஏடு ஏடாகப் பிரியும், பிரிந்த ஏட்டில் ஒரு மினுமினுப்பு இருக்கும். நகத்தால் கீறலாம். தண்ணீரைவிட மூன்றரை மடங்கு கனம். இதன் உடன்பிறப்பு மனோசிலை. அதில் நாலுக்கு நாலு, நிறம் செம்மஞ்சள். மனோசிலையை வெளிச்சத்தில் வைத்தால் உதிர்ந்து மஞ்சள் பொடியாகிவிடும். அந்தப் பொடியை வெகுகாலம் அரிதாரம் என்றே நினைத்திருந்தார்கள். 1980இல்தான் அது சேர்க்கையில் மனோசிலையேதான், அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு என்று தனிக் கனிமமாகப் பேர் கொடுத்தார்கள். ஆள் மாறாட்டம் இந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். இன்னும் வரும்.

ஆர்சனிக் என்ற பேரே அரிதாரத்தின் பேர்தான். பாரசீகத்தில் பொன்னைக் குறிக்கும் சொல்லிலிருந்து அரிதாரத்துக்கு ஒரு பேர் வந்தது, அது கிரேக்கத்துக்குப் போய் அர்செனிகான் ஆனது. பிற்பாடு அந்தக் கல்லுக்குள் இருந்த தனிமத்துக்கு அதே பேர் ஒட்டிக்கொண்டது. லத்தீனிலும் அரிதாரத்தின் பேருக்குப் பொன்வண்ணம் என்றுதான் பொருள். நம் ஊரில் ஹரிதாலம் அரிதாரமாகி, அரிதாரம் ஒப்பனைக்கே பேராகிவிட்டது. கதகளியில் பச்சை வேஷத்தின் பச்சை, மனயோலை என்ற ஆர்சனிக் மஞ்சளில் நீலம் கலந்து வருவது. காகிதச் சுவடி எழுதியவர்கள் தாளில் அரிதாரம் பூசி மஞ்சளாக்கினார்கள், பூச்சி அண்டாது என்று. எழுத்துப் பிழைத்தால் அதன் மேலேயே அரிதாரத்தைப் பூசிவிட்டு மறுபடி எழுதினார்கள். அந்தக் காலத்து ஒயிட்னர், மஞ்சள் நிறத்தில்.

இவ்வளவு பேர் பூசியும் எழுதியும் புழங்கியது எப்படி என்றால், இந்தச் சல்ஃபைடு தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. கரையாதது உடம்பில் ஏறுவதும் குறைவு. அதற்காகச் சாது என்று சொல்லிவிட முடியாது. காற்றும் ஈரமும் பட்டால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கரையும் வடிவத்துக்கு மாறும். தாளகத்தை நச்சு நீக்கிச் சுத்தம் செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று சித்த மருத்துவம் கறாராகச் சொல்கிறது.

என் கட்டியை நகத்தால் கீறினேன். கீறல் விழுந்தது. மினுமினுப்பு இல்லை. ஆனால் அரைத்துப் பிடித்த கட்டியில் மினுமினுப்பை எதிர்பார்க்க முடியாது. பள்ளித் தராசில் நிறுத்து, மெழுகில் முக்கி அளவு உருளையில் போட்டுப் பார்த்தேன். அடர்த்தி மூன்றைத் தொடவில்லை. சரி, அரிதாரம் இல்லை என்று சொல்லலாமா? கட்டிக்குள் காற்று அடைபட்டிருந்தால் அடர்த்தி குறைவாகத்தான் காட்டும். அந்த வழியும் அடைபட்டது. தருமபுரியில் தெரிந்த நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார், ஓரத்தைச் சுரண்டினார். "சொல்ல முடியல சார். கூத்துக்காரங்க எல்லாம் இப்ப கலர் பொடிதான் வாங்கறாங்க. தாளகமெல்லாம் கேட்டவங்களுக்குச் சும்மா எடுத்துக் குடுக்கறதில்ல" என்றார்.

சூடாக்கினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆர்சனிக் இருந்தால் பூண்டு வாசம் வரும். ஆனால் அந்த வாசம் தெரிகிற அளவுக்கு மூச்சில் இழுத்துவிட்டு, பிறகு உண்மை தெரிந்து என்ன பயன்? கல்லூரிக் காலத்தில் ஜியாலஜி படித்த நண்பன் ஒருவன் ஆர்சனோபைரைட் கல்லைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி என் மூக்கருகில் நீட்டினான். வெள்ளி மாதிரிப் பளபளத்த கல்லிலிருந்து ரசத்துக்குப் பூண்டு நசுக்கிய வாசம். இரும்பும் ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்த தாது அது. தங்கம் இருக்கும் பாறைகளில் பல இடங்களில் இதுவும் கூடவே இருக்கும்.

தனிமமாகப் பிரித்தெடுத்த ஆர்சனிக்கை நான் ஒரே ஒருமுறை, மூடி உருக்கி ஒட்டிய கண்ணாடிக் குழாயில் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறம், எஃகுப் பளபளப்பு. உலோகம் என்றுதான் தோன்றும். மின்சாரத்தையும் ஓரளவு கடத்தும். ஆனால் தட்டினால் தகடாகாது, நொறுங்கும். காற்றில் வைத்தால் பளபளப்பு மங்கிக் கறுத்துவிடும். தனிம அட்டவணையில் 33ஆம் எண், மேலே பாஸ்பரஸ், கீழே ஆன்ட்டிமனி. உலோகங்களும் அலோகங்களும் பிரியும் படிக்கட்டில் ஒரு படி. உலோகப்போலி என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இந்த "போலி" என்ற சொல்லை யார் போட்டார்களோ, கைகொடுக்க வேண்டும்.

சூடாக்கினால் இது உருகாது. சுமார் 615 டிகிரி செல்சியஸில் திடத்திலிருந்து நேரே ஆவியாகிவிடும். வகுப்பில் இதைச் சொல்லும்போது கற்பூரத்தையும் பீரோவில் போடும் அந்துருண்டையையும் உதாரணம் காட்டுவேன். துணி நடுவே வைத்த உருண்டை எந்த ஈரமும் விடாமல் இளைத்துக் காணாமல் போகிறதே, அந்த வித்தைதான். உருக்கியே தீர வேண்டுமென்றால் அடைத்து வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுக்க வேண்டும். அப்போது 817 டிகிரியில் உருகும். ஆவியைத் திடீரென்று கடுங்குளிரில் பிடித்தால் மெழுகு மாதிரி மிருதுவான மஞ்சள் ஆர்சனிக் கிடைக்கும். நான்கு நான்கு அணுக்களாக முக்கோணக் கூம்பு வடிவில் சேர்ந்த மூலக்கூறு. சாம்பல் வடிவத்தின் அடர்த்தி 5.7, இதற்கு 2கூட இல்லை. வெள்ளைப் பாஸ்பரஸும் இதே நான்கணுக் கூம்புதான். ஆனால் மஞ்சள் ஆர்சனிக்குக்கு இந்த வேஷம் வெகுநேரம் நிற்காது, வெளிச்சம் பட்டாலே சாம்பலாகிவிடும்.

காற்றில் எரித்தால் நீலச் சுடர், வெள்ளைப் புகை. அந்தப் புகை படிந்தால் வெள்ளைப் பாஷாணம். பாஷாணம் என்ற சொல்லுக்கு வடமொழியில் கல் என்றுதான் அர்த்தம். நம் வாயில் அது விஷத்துக்குப் பேராகிவிட்டது. ஒரு சொல் இப்படி மாறிப்போக வேண்டுமென்றால் அந்தக் கல் எத்தனை வீட்டில் புகுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். வெள்ளைப் பாஷாணத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சொல்லும்படியான சுவையும் இல்லை. சர்க்கரைக்கும் மாவுக்கும் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறும். வாந்தி பேதி என்று வருவதால் காலரா என்று சொல்லித் தப்பித்தவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1833இல் ஒரு வழக்கு. தாத்தாவின் காப்பியில் விஷம் வைத்ததாகப் பேரன் மேல் குற்றச்சாட்டு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்தி மஞ்சள் வீழ்படிவு எடுத்தார். அந்த வீழ்படிவு வேறு எதுவும் இல்லை, ஆய்வகத்தில் செய்த அரிதாரம். ஆனால் ஜூரிகள் பார்ப்பதற்குள் அது கெட்டுப்போனது. பேரன் விடுதலையானான், பிறகு ஒப்புக்கொள்ளவும் செய்தான். அரிதாரத்தை நம்பி அவமானப்பட்ட மார்ஷ், 1836இல் வேறு சோதனை ஒன்றை வெளியிட்டார். துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஹைட்ரஜன் வரும், ஆர்சனிக் இருந்தால் ஆர்சீன் வாயுவாக அதோடு கிளம்பும். எரியும் சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் கறுப்பும் வெள்ளியுமாக, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒரு படலம் படியும். நான்கு வருடம் கழித்து பிரான்சில் மரி லாஃபார்ஜ் வழக்கில் இந்தப் படலம்தான் தீர்ப்பை முடிவுசெய்தது. என் கட்டிக்கும் இதைச் செய்யலாமே என்று ஒரு ராத்திரி தோன்றியது. 1815இல் கேலன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆர்சீனை முகர்ந்து இறந்துபோனது ஞாபகம் வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

இனி என் சொந்த அவமானத்தைச் சொல்ல வேண்டும். 1989, பி.எஸ்சி. செய்முறைத் தேர்வு. எங்கள் காலத்தில் சால்ட் என்றால் பெரிய விஷயம். ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது கண்டுபிடி என்பார்கள். கிப் கருவியிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அதைக் கரைசலில் விட வேண்டும். நான் அவசரத்தில் குளிர்ந்த கரைசலிலேயே விட்டேன். லேசாக வெள்ளைக் கலங்கல். கந்தகம் என்று நினைத்து ஒதுக்கினேன். அப்புறம் நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடாக்கினேன். அழகான மஞ்சள் வீழ்படிவு. பாஸ்பேட் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

வெளித் தேர்வாளர் விடைத்தாளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சூடு பண்ணியா, கொதிக்க வெச்சியா?"

"கொதிக்க வெச்சேன் சார்."

"இளஞ்சூட்டுல வந்தா பாஸ்பேட். கொதிக்க வெச்சு வந்தா?"

ஆர்சனேட். பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் இருக்கும் இடத்தில் ஆர்சனிக் இருக்கும் உப்பு. இரண்டுக்கும் அதே மஞ்சள், அதே பொடி, அதே மாலிப்டேட். வித்தியாசம் கொதிக்கும் வரை பொறுப்பதில் மட்டும். கரைசலைச் சூடாக்கி, அமிலத்தைக் கூட்டி வாயுவை விட்டிருந்தால் இரண்டாம் தொகுதிச் சோதனையிலேயே அரிதார மஞ்சள் இறங்கியிருக்கும். பாதி மதிப்பெண் போனது. உப்பின் விடையைவிட அவர் கேட்ட கேள்விதான் முப்பது வருடத்துக்கு மேலாக மனதில் நிற்கிறது.

நான் மட்டும் ஏமாறவில்லை என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. 1819இல் மிட்சர்லிக் என்ற ஜெர்மானியர் பாஸ்பேட் உப்பையும் ஆர்சனேட் உப்பையும் படிகமாக்கிப் பார்த்தார். அதே முகங்கள், அதே கோணங்கள். வேறு வேறு பொருள் ஒரே படிக வடிவம் எடுக்கும் என்ற ஒத்த படிக உருவ விதி பிறந்தது இந்த ஜோடியிலிருந்துதான். ஈயமும் ஆர்சனேட்டும் குளோரினும் சேர்ந்த ஒரு கனிமம் இருக்கிறது. பாஸ்பேட் கனிமம் ஒன்றை அச்சு அசலாக ஒத்திருப்பதால் அதற்கு மிமெடைட் என்று பேர் வைத்தார்கள். கிரேக்கத்தில் அதன் வேர்ச்சொல்லுக்குப் பிறரைப் போல நடிப்பவர் என்று அர்த்தம். வேஷக்காரன் என்று நேராகவே சொல்லிவிடலாம்.

உடம்பும் என்னைப் போலவே அவசரக்காரன். உயிரணுவுக்குப் பாஸ்பேட் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. டிஎன்ஏவின் முதுகெலும்பு பாஸ்பேட், ஆற்றலைச் சுமக்கும் ஏடிபியின் வால் பாஸ்பேட். அதனால் பாஸ்பேட்டை உள்ளே விட வாசலில் தனி ஆள் இருக்கிறான். ஆர்சனேட் வந்தால் உருவம் அதே நான்முகம், மின்சுமை அதே, அமிலத்தன்மைகூட ஏறக்குறைய அதே. அணுவும் ஆக்சிஜனும் சேரும் பிணைப்பு மட்டும் பத்தில் ஒரு பங்கு நீளம் அதிகம். வாசல்காரன் நாடா வைத்து அளப்பதில்லை. உள்ளே போன ஆர்சனேட், ஏடிபி செய்யும் இடத்தில் பாஸ்பேட்டின் நாற்காலியில் உட்காரும். உட்கார்ந்த உடனே தண்ணீர் பட்டு உடைந்து எழுந்துவிடும். சர்க்கரை எரியும், ஆற்றல் மிஞ்சாது. அடுப்பு எரிய எரியச் சோறு வேகாத கதை.

உடம்பிலேயே இதில் பெரும்பகுதி ஓர் ஆக்சிஜனை இழந்து ஆர்சனைட் என்ற வடிவத்துக்கு மாறும். அது இன்னும் மோசம். அதற்குக் கந்தகத்தின் மேல் மோகம். பூமிக்கடியில் கந்தகத்தைத் தேடிப் பிடித்து அரிதாரமானதே, அதே குணம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. என்சைம்களில் கந்தகமும் ஹைட்ரஜனுமாக நீட்டிக்கொண்டிருக்கும் கைகளை இரண்டிரண்டாகப் பிடித்துக் கட்டிப்போடும். முடியிலும் நகத்திலும் கந்தகம் நிறைந்த கெரட்டின் இருப்பதால் அங்கே போய்த் தங்கும். அதனால்தான் இறந்து பல வருடமானவரின் தலைமுடியிலிருந்து விஷத்தைப் படிக்க முடிகிறது.

"பாஷாணத்தில் புழுத்த புழு" என்று நம் ஊரில் ஒருவரைத் திட்டுவது உண்டு. அப்படி ஒரு புழுவையே கண்டுபிடித்துவிட்டோம் என்று 2010இல் ஒரு செய்தி உலகம் சுற்றியது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் ஒரு பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை டிஎன்ஏவிலேயே கோத்து வாழ்கிறது என்றார்கள். என் மாணவர்களிடம் நான் அன்றே சந்தேகப்பட்டுச் சொன்னேன், தண்ணீர் பட்டால் நொடியில் உடையும் சங்கிலியில் வம்சம் எப்படி ஓடும் என்று. 2012இல் மற்ற ஆய்வாளர்கள் அப்படி இல்லை, அந்தப் பாக்டீரியா இருக்கிற கொஞ்சம் பாஸ்பேட்டைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். 2025இல் அந்தக் கட்டுரையையே இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாஷாணத்தில் வாழ முடியும், பாஷாணத்தால் ஆக முடியாது போலிருக்கிறது. பாதி மதிப்பெண் வாங்கிய எனக்கு இதில் கொஞ்சம் அல்ப சந்தோஷம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதில் எங்கள் தெருவில் பால் ஊற்றும் அக்காவுக்கும் பங்கு உண்டு. "சார், தண்ணியில ஆர்சனிக் கலந்து வடக்க கேன்சர் வருதாம், டிவில காட்டினாங்க. நம்ம போர்லயும் இருக்குமா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் பல்லைத்தான் பார்த்தேன். என் பல்லும் அப்படித்தான்.

நம் ஊர்க் கதை ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் கெட்டிப் பாறை பூமி. கிரானைட்டும், நைஸ் என்ற வரிப்பாறையும். அந்தப் பாறைகளில் கறுப்பு அபிரகம் போன்ற கனிமங்களுக்குள் ஃபுளோரின் இருக்கிறது. மழை குறைவு, தண்ணீர் பாறை வெடிப்புகளில் வெகுகாலம் தங்குகிறது, ஃபுளோரைடு மெல்ல இறங்குகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டினால் குழந்தைகளின் பல்லில் எழுதிவிடும், இன்னும் அதிகமானால் எலும்பிலும் மூட்டிலும். எங்கள் பக்கம் முதுகு வளைந்த பெரியவர்களை மூப்பு என்று சொல்லிவிடுவார்கள், பாதி மூப்பு கிணற்றிலிருந்து வந்தது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பேரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் கடனுதவியில் வந்த அந்தக் காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டத்துக்கும் போகிறது.

ஃபுளோரைடும் ஆள் மாறாட்டக்காரன்தான். எலும்பும் பல்லும் கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு மூன்றும் சேர்ந்த கனிமம். ஃபுளோரைடு ஹைட்ராக்சைடின் இடத்தில் உட்காரும், ஆர்சனேட் பாஸ்பேட்டின் இடத்தைக் கேட்கும். எங்கள் பழைய உப்புப் பகுப்பாய்வு அட்டவணையில் ஃபுளோரைடு, பாஸ்பேட், ஆர்சனைட், ஆர்சனேட் எல்லாம் "குறுக்கிடுபவை" என்று ஒரே தலைப்பின் கீழ்தான் இருக்கும்.

ஒரு பெரிய வித்தியாசம், ஃபுளோரைடு பல்லில் கறையாக வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆர்சனிக்குக்கு அந்த நாணயம் கிடையாது. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு பத்து மைக்ரோகிராம், ஃபுளோரைடின் ஒன்றரை மில்லிகிராமில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. தண்ணீர் தெளிவாக இருக்கும், சுவையாகவும் இருக்கும். வருடக்கணக்கில் குடித்த பிறகு நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரிப் புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்ப்பு, அப்புறம் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் என்று புற்று.

வங்காளத்தில் நடந்தது இதுதான். குளத்துத் தண்ணீரில் காலரா, பேதி என்று 1970களில் லட்சக்கணக்கில் கைப்பம்பு போட்டுக் கொடுத்தார்கள். நல்லெண்ணம்தான். 1983இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா தன்னிடம் வந்த கிராமத்து நோயாளிகளின் தோலில் ஆர்சனிக்கை அடையாளம் கண்டார். இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலில், துருவேறிய இரும்புத் துகள்களின் மேல் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வண்டலுக்குள் புதைந்த இலை தழையைத் தின்னும் நுண்ணுயிர்கள் காற்றில்லாத இடத்தில் அந்தத் துருவைக் கரைக்கின்றன. துரு கரைந்ததும் ஆர்சனிக் கைவிடப்பட்டுத் தண்ணீரில் இறங்குகிறது. வங்கதேசத்தில் கெட்ட பம்புக்குச் சிவப்பும் நல்ல பம்புக்குப் பச்சையும் அடித்து வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாததற்கு அரிதாரம் பூசிக் காட்டிய மாதிரி.

இந்த வண்டலும் காற்றில்லாச் சேறும் நம் பாறைப் பூமியில் கிடையாது. அக்காவிடம் அவ்வளவுதான் சொன்னேன், பாறை வேறு, நோய் வேறு, நீங்கள் பயப்பட வேண்டியது ஃபுளோரைடுக்கு என்று. "கொதிக்க வெச்சா போயிடுமா சார்?" போகாது. தண்ணீர் ஆவியாகும், இரண்டும் அடியில் தங்கி இன்னும் கெட்டியாகும்.

நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் கட்டிய வயலில் சேறு காற்றில்லாமல் ஆர்சனைட்டை விடுவிக்கிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சும் செடி. ஆர்சனைட் அந்தச் சிலிக்காவின் வழியிலேயே உள்ளே நுழைந்துவிடுகிறது. பாருங்கள், இங்கே வேறு வேஷம். நம் கேழ்வரகு மானாவாரிக் காட்டில் காற்றோட்டமான மண்ணில் விளைவது, அந்தச் சேறு அதற்கு இல்லை. களி கிண்டிய கைக்கு இதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆர்சனிக்கைப் பிடிக்கவும் துருவேதான் வேண்டும். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப் குழு செய்த அம்ரித் வடிகட்டியில் வேலை செய்வது நுண்ணிய இரும்பு ஆக்சி ஹைட்ராக்சைடு. செடிகளில் ஒன்றும் உண்டு. பழைய கிணற்றுச் சுவர், இடிந்த மதில், சுண்ணாம்புக் காரை உள்ள இடங்களில் ஏணிப்படி மாதிரி இலை விடும் ஒரு பெரணி. அது ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் குவிக்கிறது என்று 2001இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். வேர் வழியாக அது ஆர்சனேட்டை இழுப்பது பாஸ்பேட் வாசலில்தான். ஏமாந்துதான் உள்ளே விடுகிறது, விட்ட பிறகு சமாளிக்கத் தெரிந்திருக்கிறது.

சரி, கட்டிக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை பள்ளி ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது, கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தைச் சுரண்டி ஒரு குழாயில் எடுத்தேன். அரிதாரம் சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும், அமிலம் விட்டால் மறுபடி மஞ்சளாக வந்துவிடும். வாயுவும் வேண்டாம், சுடரும் வேண்டாம். காரத்தை விட்டு இளஞ்சூட்டில் வைத்தேன். கரையவில்லை. இந்த முறை அவசரப்படாமல் அரைமணி நேரம் பொறுத்தேன். வடிகட்டி, அமிலம் விட்டேன். தெளிந்த தண்ணீர் தெளிந்தே இருந்தது. அடியில் தங்கிய மஞ்சளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் காய்ச்சி, பொட்டாசியம் தயோசயனேட் ஒரு சொட்டு விட்டேன். ரத்தச் சிவப்பு.

இரும்பு. மஞ்சள் மண். ஆர்சனிக்கைப் பிடிக்கும் அதே துருக் குடும்பம். அரிதாரத்துக்கே இன்னொன்று வேஷம் கட்டியிருந்தது.

ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்து, "என்ன சார், சால்ட்டா?" என்றார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போய், "பெரியம்மா, அது அரிதாரம் இல்ல. வெறும் மஞ்ச மண்ணு" என்றேன்.

"ஆமா, மண்ணுதான். தாளகம்னா நான் அந்தப் பெட்டியப் புள்ளைங்க இருக்கற வூட்டுல வெச்சிருப்பனா?" என்றார். கையில் புளி கரைத்துக்கொண்டே தொடர்ந்தார். "உங்க தாத்தா காலத்துல நெசமான கட்டிதான் இருந்துச்சாம். ஆடு ஒண்ணு அந்த உரசுகல்ல நக்கிட்டு ராத்திரியே செத்துப்போச்சாம். மறுநாளே கட்டியத் தூக்கிட்டுப் போயி பொதைச்சிட்டாங்கன்னு என் மாமியா சொல்லும்."

"எங்க பொதைச்சாங்க?"

"பழைய கெணத்து மேட்டுல."

"அந்தத் தண்ணிய யாராச்சும் குடிக்கறீங்களா?"

"அத யாரு குடிக்கறா? ஒகேனக்கல் தண்ணி வருதே."

இருட்டுவதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. மேட்டுப் பக்கத்துச் சுவரில், காரை உதிர்ந்த கல்லிடுக்கு முழுக்க ஏணிப்படி இலைகள். சுண்ணாம்பு இருந்தால் அது வளரத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி, சட்டைப் பையில் இருந்த நாட்காட்டித் தாளில் சுற்றிக்கொண்டு வந்தேன்.